ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது: டி.நகரில் இருக்கும் அந்த 'டி'யின் கதை

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ரங்கநாதன் தெருவில் நுழைந்து வெளியே வந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி லேப் எக்ஸாம். பாண்டி பஜார், பனகல் பார்க், உஸ்மான் ரோடு எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் டி.நகர் என்பதில் உள்ள 'டி' யார் என்று கேட்டால் பாதிப் பேர் சங்கீதத் தியாகராஜர் என்பார்கள், மீதிப் பேர் போனை எடுப்பார்கள். போர்டில் 'தியாகராய நகர்' என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. அந்தத் தியாகராயர், சர் பிட்டி தியாகராயச் செட்டியார்.

நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தில் ஒரு வரி வரும். மார்க்குக்கு அது போதும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்காக இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட வேண்டும் என்று ஒரு சபையில் தீர்மானம் வைத்து, அதற்கு ஒரு கணக்கும் போட்டு, ஓட்டெடுத்து நிறைவேற்றிய மனிதர் அவர். அதுவும் 1920-இல். காமராஜருக்கு 36 வருஷம் முன்னால், எம்.ஜி.ஆருக்கு 62 வருஷம் முன்னால்.

தறியிலிருந்து வந்தவர்

தியாகராயர் பிறந்தது 1852 ஏப்ரல் 27. தேவாங்கர் சமூகம், அதாவது நெசவாளர் சமூகம். மாநிலக் கல்லூரியில் படித்து 1876-இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்பது இப்போது போலத் தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் சமாச்சாரம் இல்லை. அந்தப் பட்டத்தோடு ஒரு அரசு வேலையில் உட்கார்ந்திருந்தால் வாழ்க்கை முழுக்க நிம்மதியாகப் போயிருக்கும். அவர் திரும்பிப் போனது தறிப் பக்கம்.

சுமார் நூறு கைத்தறிகளை வைத்து ஒரு நெசவுக்கூடம் நடத்தினார். அங்கே விசைநாடா வைத்த தறிகளைக் கொண்டுவந்தார். நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது பிடிக்கும். சாதாரணத் தறியில் நெசவாளர் நாடாவைக் கையாலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். விசைநாடா வைத்த தறியில் கயிற்றை ஒரு இழு இழுத்தால் நாடா தானாகவே பாய்ந்து போகும். மெஷின் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஒரு சின்ன மாற்றத்தில் வேலை வேகமாகிறது, கை அலுப்பது குறைகிறது. இந்தப் புத்தி அவரிடம் கடைசி வரை இருந்தது என்று நினைக்கிறேன். இருக்கிற அமைப்பில் எந்த இடத்தில் கை வைத்தால் நகரும் என்று பார்க்கிற புத்தி.

1909-இல் தென்னிந்திய வர்த்தக சபை தொடங்கப்பட்டபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆக, கணக்கு தெரிந்த மனிதர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாற்பது வருஷ கவுன்சிலர்

1882-இல் சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். அதன்பின் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். இன்றைக்கு நாம் அரசியல் என்றால் எம்.எல்.ஏ., எம்.பி., அதற்கு மேல் மீம்ஸ். கவுன்சிலர் என்றால் தண்ணீர் லாரிக்குப் போன் பண்ணுகிற நம்பர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு இந்தியன் கையில் கொஞ்சமாவது அதிகாரம் வரக்கூடிய இடம் என்றால் அது உள்ளாட்சிதான். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, தொடக்கப்பள்ளி. ராணுவமும் ரயிலும் வெள்ளைக்காரன் கையில். சாக்கடையும் பள்ளிக்கூடமும் நம்ம கையில், அதுவும் அவன் அனுமதித்த அளவுக்கு.

எப்போதும் வெள்ளை உடையில் வருவார். அதனால்தான் 'வெள்ளுடை வேந்தர்' என்ற பெயர்.

அதே மாநகராட்சியில் டாக்டர் டி.எம்.நாயரும் உறுப்பினர். இருவருக்கும் சுத்தமாக ஆகாது. எதிரெதிராக நின்று மோதிக்கொண்டவர்கள். அவர்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தவர் டாக்டர் சி.நடேச முதலியார். 1916 நவம்பரில் சென்னையில் கூட்டம் கூடியது. அதிலிருந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கம் வளர்ந்தது. அது நடத்திய ஆங்கிலப் பத்திரிகையின் பெயர் 'ஜஸ்டிஸ்', கட்சிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அரசு வேலைகளிலும் கல்லூரிகளிலும் பிராமணர் அல்லாதவர்களுக்கு இடமே இல்லாமல் இருக்கிறது என்று எண்ணிக்கைகளோடு ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். கவனியுங்கள், அங்கேயும் எண்ணிக்கைதான்.

1920 செப்டம்பர் 16

1919-இல் சென்னை மாநகராட்சிக்குப் புதுச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு தலைவராக உட்கார்ந்தவர்கள் அரசு அதிகாரிகள். புதுச் சட்டம் நிர்வாகத்துக்கு ஒரு ஆணையரையும், சபைக்குத் தனியாக ஒரு தலைவரையும் வைத்தது. அப்படி அதிகாரி அல்லாத முதல் தலைவராக வந்தவர் தியாகராயர். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு, அறுபத்தெட்டு. நாம் ரிட்டயர்மெண்ட் என்று நினைக்கிற வயதில் அவருக்கு உண்மையான அதிகாரம் கைக்கு வந்தது.

மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு பிரச்சினை. பள்ளி இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளைகள் ஏழைகள். பசியோடு வகுப்பில் உட்கார்வதைவிட எங்கேயாவது போய் நாலு காசு கொண்டுவந்தால் வீட்டுக்கு உதவி. ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொண்டாலும் வயிறு ஃபீஸ் கேட்கும் இல்லையா? பிள்ளைகளின் வறுமைதான் பள்ளியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று தியாகராயர் சபையில் எடுத்துச் சொன்னார்.

1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி சபை தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்களுக்கு மதிய உணவு. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு.

இந்த 'மிகாமல்' என்ற சொல்லை ஒரு நிமிஷம் பார்க்கணும். பதினாறு அணா ஒரு ரூபாய். அந்தத் தீர்மானம் தட்டில் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு காய் என்று பேசவில்லை. மேல் எல்லையை மட்டும் காசில் வைத்தது. கீழ் எல்லை இல்லை. இன்றைய கண்ணில் இது குறை. ஆனால் 1920-இல் வேறு எதை வைத்து அளப்பது? வைட்டமின் என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கியது 1918-இல். (அந்தச் சின்ன ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து இன்றைக்கு ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.) ஒரு குழந்தைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்று கவுன்சிலருக்குச் சொல்ல அன்று ஆளில்லை. கவுன்சிலருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் காசு. அதை வைத்து விதி எழுதினார்கள்.

அந்தச் சின்ன விதியில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. அன்னதானம் நம்ம ஊருக்குப் புதுசில்லை. கோயிலில் போடுவார்கள், சத்திரத்தில் போடுவார்கள், பணக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் போடுவார்கள். தியாகராயரே வசதியான ஆள். நினைத்திருந்தால் சொந்தக் காசில் அந்தப் பள்ளிக்குச் சோறு போட்டுவிட்டு, வாசலில் ஒரு கல்வெட்டும் வைத்திருக்கலாம். ஆனால் அவர் போனது பட்ஜெட்டுக்கு. தானம் என்றால் தருபவர் மனசு இருக்கும் வரைதான். தீர்மானம் என்றால் அது பொதுக்கணக்கில் ஒரு வரி. அந்த வரியை நீக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

811, 1,671

ஒரு பள்ளியில் தொடங்கியது இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. திட்டம் நடந்த பள்ளிகளில் 1922–23-இல் 811 மாணவர்கள். 1924–25-இல் 1,671. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல். கண்ட்ரோல் குரூப் இல்லை, சாப்பாடு மட்டும்தான் காரணமா என்று கேட்கலாம். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் கெய்டு கேட்கிற மாதிரி நியாயமான கேள்விதான். ஆனாலும் சோறு போட்ட இடத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் கிளியர் பண்ணியிருக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் அவருடைய அரசியல் உச்சத்துக்குப் போய்விட்டது. 1920 இறுதியில் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல். காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு. ஆளுநர் வில்லிங்டன் ஆட்சி அமைக்கத் தியாகராயரைத்தான் அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார், அவருக்குப் பின் பனகல் ராஜா. தியாகராயர் கட்சித் தலைவராகவும் மாநகராட்சித் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். எல்லாப் பிராமணர் அல்லாதவர்களுக்கும் குரல் கொடுப்பதாகச் சொன்ன கட்சி, ஆதிதிராவிடர்களை விட்டுவிட்டது என்ற கோபத்தில் எம்.சி.ராஜா 1923-இல் வெளியேறினார். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது கட்சியின் தலைவர் தியாகராயர்தான், அந்தப் பொறுப்பும் அவர் கணக்கில்தான் வரும்.

சோறு கல்வியா, இல்லையா?

இப்போது கதையின் கஷ்டமான பகுதி.

1920-இல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதன்படி உள்ளாட்சிகளுக்குத் தொடக்கக் கல்வி நிதி என்று ஒன்று. மதியச் சாப்பாட்டுச் செலவு அந்த நிதியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அரசு அதை மறுத்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய அனுமதி கிடையாது. 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றுபோனது.

சாப்பாடு கெட்டுப்போனதால் நிற்கவில்லை, பிள்ளைகள் வராததால் நிற்கவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வியில் நின்றது. கரும்பலகை கல்வி, சாக்பீஸ் கல்வி, வாத்தியார் சம்பளம் கல்வி. அந்த வகுப்பில் ஒருத்தன் மயங்காமல் உட்கார்ந்திருக்கக் காரணமான சோறு கல்வி இல்லை. நம்ம காலேஜ் சிம்போசியத்துக்கு பில் சப்மிட் பண்ணியவர்களுக்கு இந்த வலி கொஞ்சம் புரியும். நமக்குப் போவது இருநூறு ரூபாய். அங்கே போனது ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் மதியம்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று. அதே பிரிட்டனில், 1906-லேயே பள்ளிச் சாப்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. நன்கொடை போதவில்லை என்றால் உள்ளாட்சிக் கல்வி அமைப்புகள் வரிப்பணத்திலிருந்தே பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். வரியில் பவுண்டுக்கு அரை பென்னி வரை என்று முதலில் ஒரு வரம்பு வைத்தார்கள், 1914-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று லண்டனில் உட்கார்ந்து ஏற்றுக்கொண்ட அதே அரசு, சென்னைக்கு வந்தால் வேறு கணக்குப் பார்த்தது.

அதே 1925-இல் தியாகராயர் இறந்தார். வயது எழுபத்து மூன்று. அவர் தொடங்கிய சாப்பாடு நின்றுபோன வருஷமும் அவர் போன வருஷமும் ஒன்று. மாம்பலத்தில் பழைய ஏரிப் பகுதியில் பனகல் ராஜா ஆட்சிக் காலத்தில் உருவாகிக்கொண்டிருந்த புது நகருக்கு அவர் பெயர் போனது. ரிப்பன் மாளிகை வாசலில் சிலையும் இருக்கிறது.

வரி திரும்பி வந்தது

சாப்பாடு நின்றதும் பிள்ளைகள் பக்கமிருந்து கோரிக்கை வந்தது. மாநகராட்சி சபை விடவில்லை. அரசிடம் மறுபடியும் அனுமதி கேட்டது. 1927-இல் திட்டம் திரும்பியது, 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்களுக்கு. முன்பு ஐந்து பள்ளி, இப்போது இருபத்தைந்து. ஆனால் தலைக்கு ஒரு வரம்பு வந்துவிட்டது. ஆயிரத்து ஒன்றாவது பிள்ளை என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பள்ளிச் சாப்பாட்டு விதி எப்போதும் இப்படித்தான். ஏதோ ஒரு இடத்தில் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணுக்கு அந்தப் பக்கம் சில பிள்ளைகள் நிற்பார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சட்டமன்றமும் அரசும் அந்த எண்ணைத்தான் நகர்த்தியது. 1956-இல் காமராஜர் ஆட்சி மதிய உணவை மாநகராட்சிக்கு வெளியே, மாநிலம் முழுக்க உள்ள தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அரசும் ஊர்மக்களும் செலவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். திட்டத்தின் பெயரிலேயே 'சத்து' வந்தது அப்போதுதான். கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கச் சொல்லி, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்துக்கு 200 நாளாவது என்று உத்தரவிட்டது. 2013-இல் நாடாளுமன்றம் போட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதையே சட்டத்தின் அட்டவணையில் எழுதியது. ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறிலிருந்து எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். 2022 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது.

வித்தியாசத்தைப் பாருங்கள். 1920-இல் விதி 'இதற்கு மேல் போகக் கூடாது' என்றது. இன்றைய சட்டம் 'இதற்குக் கீழே போகக் கூடாது' என்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், அப்பர் பவுண்ட் போய் லோயர் பவுண்ட் வந்திருக்கிறது. அளவுகோலும் அணாவிலிருந்து கிராமுக்கு மாறியிருக்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆனால் அந்தப் பழைய அணா முழுசாக ஒழியவில்லை. இன்றைக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் சமையல் செலவு இவ்வளவு ரூபாய் என்று அரசு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. சட்டத்தில் கிராம், கையில் கொடுப்பது ரூபாய். பருப்பு விலை ஏறும், எண்ணெய் விலை ஏறும், தக்காளி விலை எப்படி ஏறும் என்று நம்ம மெஸ்ஸில் ரசம் குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொகை தானாக ஏறாது. யாராவது சபையில் கேட்டு ஏற்ற வேண்டும். ஏற்றாத மாதங்களில் 12 கிராம் புரதம் காகிதத்தில் இருக்கும், சாம்பார் தண்ணியாக இருக்கும்.

ஆகவே அடுத்த முறை பட்ஜெட் நாளில் எந்தப் பொருள் விலை ஏறியது, எது குறைந்தது என்று மட்டும் ஸ்குரோல் பண்ணாமல், பள்ளிச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் என்ன எண் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். அந்த எண்ணை ஏற்றச் சொல்லி எந்த உறுப்பினர் எழுந்து பேசினார் என்றும் தேடுங்கள். தறி நடத்தி, கணக்கு பார்த்து, நாற்பது வருஷம் ஒரே சபையில் உட்கார்ந்த ஒரு மனிதர் செய்தது அந்த வேலையைத்தான். ஒரு பள்ளிக்கூடம், ஒரு அணா, ஒரு தீர்மானம். மீதியெல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்கள் போட்ட திருத்தங்கள்.